ஓடக்காரன் பாக்கி

ரேடியோ அக்கா எங்களுக்குத் தர வேண்டியது ஆயிரத்து நூற்று நாற்பது. கொட்டகையின் நடுத்தூணில் தராசு அண்ணன் அதைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் பெயர் கிடையாது, ஓர் ஓடம் வரைந்திருந்தது. எண்ணை எல்லோரும் படிப்போம், பெயரை யாரும் படிக்க மாட்டோம், அதனால் அப்படி. ஓடம் என்று அவர் சொன்னதால் ஓடம். பார்த்தால் கவிழ்ந்து கிடக்கும் செருப்பு மாதிரி இருக்கும்.

அது எப்படி வந்த பாக்கி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலை கிழிந்த சாக்குத் தைப்பது. கிடங்குகளிலிருந்து லாரியில் வரும் சாக்குகளைப் பின்முற்றத்தில் தூசி தட்டி, உள்ளே கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் எட்டுப் பேர் நீள பெஞ்சுகளில் எதிரெதிராக உட்கார்ந்து, கோணூசியும் சணல் நூலுமாக ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, முடிச்சுப் போட்டு, அவரவர் அடுக்கில் சேர்க்க வேண்டும். சாக்குக் கணக்குக்குத்தான் கூலி. கைக்கு முழு வேலை, கண்ணுக்கு அரை வேலை, காதுக்கு வேலையே இல்லை. சும்மா கிடக்கும் காதில் ஊர் வம்புதான் வந்து குடியேறும். வம்பு முற்றினால் சண்டை. கையில் ஊசி வேறு இருக்கிறது.

அதைத் தீர்த்து வைத்தவள் ரேடியோ அக்கா. எங்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாடகைப் புத்தகக் கடையிலிருந்து நாவல் எடுத்து வந்து வாசிப்பாள். வாசிக்கும்போது அவள் கை தைக்காது அல்லவா? அதற்கு ஈடாக நாங்கள் ஆளுக்கு இரண்டு சாக்கு தைத்து அவள் அடுக்கில் வைப்போம். மேஸ்திரிக்கு மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதும். யார் தைத்தது என்று சாக்கா சொல்லப்போகிறது?

அப்படி நாங்கள் கேட்டதுதான் ஓடக்காரன் கதை. பதினோரு பாகம். புத்தகத்துக்கு வேறு பெயர் உண்டு, நாங்கள் அதைச் சொன்னதில்லை. ஓர் ஆறு, இரண்டு கரை, கரைக்கு ஒரு பெரிய குடும்பம், அவர்களுக்குள் தீராத பகை. நடுவில் பாலம் கட்டலாமா கூடாதா என்று வழக்கு. இரண்டு பக்கத்தாரையும் ஏற்றி இறக்குகிறவன் ஓடக்காரன். அவனுக்கு ஒரே ஒரு மகள். பணக்காரர்கள் சண்டை எங்களுக்கு எதற்கு? நாங்கள் கேட்டது ஓடக்காரனுக்காக.

எட்டாம் பாகம் முடியும் சமயத்தில் அக்கா வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் பறந்துவிட்டது. கடைசி மூன்று பாகத்துக்கான சாக்குகளை முன்கூட்டியே கேட்டாள். தைத்துக் கொடுத்தோம். கூரை ஏறியது. ஒன்பதாம் பாகத்தின் பாதியில் வாசிப்பு நின்றது. அரைக்கிணறு தாண்டின கதை. அந்தச் சாக்குகளின் கூலிதான் தூணில் ஏறிய பாக்கி.

என்னை முதுகு என்று கூப்பிடுவார்கள். பல வருஷம் மூட்டை சுமந்து, முதுகு போனபின் இந்தப் பெஞ்சுக்கு வந்தவன். போன உறுப்பின் பெயரையே ஆளுக்கு வைக்கிற இரக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு.

நீளமான தொடர் நாவல்களைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்துகள் இருக்கின்றன. ஓடக்காரனுக்கு முன்னும் நாலு தொடர் கேட்டிருக்கிறேன், பின்னால் இரண்டு படித்திருக்கிறேன். முதல் பாகத்தை ஆசிரியர் பசியோடு எழுதுகிறார். மூன்றாம் பாகத்தில் வயிறு நிறைகிறது. ஏழாம் பாகம் வெறும் ஏப்பம். கதையில் யாருக்காவது திடீரென்று பழசெல்லாம் மறந்துபோனால், எழுதுகிறவருக்கு மறந்துவிட்டது என்று அர்த்தம். செத்தவனுக்கு இரட்டைப் பிறவி ஒருவன் கப்பலில் வந்து இறங்கினால், நூல் தீர்ந்துவிட்டது, வேறு நூலால் தைக்கிறார் என்று அர்த்தம். ஒரு சாக்குக்கு மூன்று ஒட்டு வரை போடலாம். அதற்கு மேல் போட்டால் அதில் சாக்கு இருக்காது, நூல்தான் இருக்கும். நல்ல கதை கழுதை தேய்ந்து கட்டெறும்பாவது இப்படித்தான்.

பிறகு ஏன் கேட்டீர்கள் என்றால், நான் ஏன் மூட்டையோடு நடந்தேனோ அதற்காகத்தான். தூக்கியாயிற்று. இறக்கி வைக்க இடம் வரும்வரை நடந்துதானே ஆக வேண்டும்?

வாசிப்பு நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பதாம் பாகத்தில் அக்கா எங்கேயோ தடுமாறித் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளு இழுக்குறான்க்கா," என்றேன். "ஓடக்காரன் பொண்ணு ரெண்டு பாகமா டவுன்ல தையல் வகுப்புலயே உக்காந்திருக்கு. எதுக்குப் போச்சு, என்ன தெச்சுச்சு, ஒண்ணும் காணோம்."

"அந்த வகுப்புல நான் சேந்திருந்தா இந்நேரம் மேஸ்திரிக்குக் கோட்டே தெச்சிருப்பேன்," என்றான் என் மச்சான். என் மனைவியின் தம்பி, எனக்கு எதிர் பெஞ்சு.

எல்லோரும் சிரித்தார்கள். தராசு அண்ணன் கோணூசியைத் தூக்கிக் காட்டினார். சாக்கு எடை போடும் வேலையில் இருந்து வந்தவர், எதையும் நிறுத்துத்தான் பேசுவார். "எளுதுனவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். இதாலயே குத்துவேன். அஞ்சாம் பாகம் வரைக்கும் இருந்த ஆளு இல்ல இவன். காசுக்கு எளுதுறான்."

அக்கா புத்தகத்தை மூடினாள். "அவ்ளோ தெரிஞ்சவங்க நீங்களே படிச்சுக்குங்க."

"உன்னையா சொன்னோம்? எளுதுனவனைத்தானேம்மா சொன்னோம்?" என்றார் தராசு அண்ணன்.

"யாரைச் சொன்னா என்ன?"

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டுப் பின்முற்றத்துக்குப் போய்விட்டாள். தூசி தட்டுவது யாரும் கேட்டுப் போகிற வேலை இல்லை. உரச் சாக்கைத் தட்டினால் வெள்ளைத் தூசி, தானியச் சாக்கைத் தட்டினால் பழுப்புத் தூசி, இரண்டும் நெஞ்சுக்குள்தான் போகும். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதியவரைத் திட்டினால் இவளுக்கு ஏன் ரோஷம்? கூடப் பிறந்தவரா?

அவள் இருமல் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்க ஆரம்பித்தது. தராசு அண்ணன் இளகவில்லை. "வந்து படிக்கட்டும், இல்ல காசை வைக்கட்டும். கணக்கு முடிக்கிற நாள்ல போனஸ்ல பிடிக்கச் சொல்லியாச்சு," என்றார். அவள் போனஸ் அந்தப் பாக்கியை விடக் கொஞ்சம்தான் கூட. பிடித்தால் வருஷம் முழுக்கத் தைத்ததற்கும் தட்டியதற்கும் அவள் கையில் சில்லறைதான் மிஞ்சும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் கதையின் முடிவு தெரியாமல் இருப்பதிலும் சம்மதம் இல்லை.

தொழிற்சங்க அறையில் மாலை வகுப்பு நடந்தது. மழைக்காலம் முழுக்கப் போனேன். எழுத்துகள் எனக்குப் புதியவை அல்ல, மூட்டை முத்திரைகளில் தினமும் தோளில் ஏறி இறங்கியவைதான். தெருவில் எதிர்ப்படும் ஆளின் பெயர் பல வருஷம் கழித்துத் தெரிய வருவது போலத் தெரிய வந்தன. மழை விட்டபோது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தேன். பெஞ்சில் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள்: "மிச்சத்தை முதுகு படிக்கட்டும்."

ஒன்பதாம் பாகத்தை வாடகைக்கு எடுத்து, விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க படிக்கிற வேகத்துக்கு ஓடக்காரனுக்குப் பேரனே பொறந்துருவான்."

"பேசாம கேளு."

"கேக்குறேன். ஓடத்தை யாரோ பொம்பளை ஓட்டுறாளே, யாரு அவ?"

எனக்கும் அதுதான் சந்தேகம். மறுபடி படித்தேன். துடுப்புப் போடுவது ஓடக்காரனின் மகள். தையல் வகுப்பில் இருக்க வேண்டியவள் நடு ஆற்றில் இருந்தாள். ஓடக்காரனைப் பத்துப் பக்கம் தேடினேன், இருபது பக்கம் தேடினேன். ஆள் இல்லை.

முதலில் என் படிப்பின் மேல்தான் சந்தேகம் வந்தது. வகுப்பில் ஏதோ பாடத்தைத் தவறவிட்டுவிட்டேன் போல, அதில்தான் ஓடக்காரன் இருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு புத்தகத்தின் மேல் சந்தேகம் வந்தது. சாயங்காலம் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இது ஆறும் பாலமும் வர்ற கதைதானே?" என்றேன்.

"அதேதான்," என்றார் கடைக்காரர்.

"ஓடக்காரனைக் காணோமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் மூணாம் பாகத்துலயே போயிட்டாரே. உங்களுக்கு இப்பதான் தெரியுமா?" துக்கம் விசாரிப்பது போலத் தலையை ஆட்டினார்.

நெருங்கின சொந்தம் செத்த சேதி ஆறு பாகம் தாமதமாக வந்தால் எப்படி இருக்கும்? அங்கேயே நின்று மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். வெள்ளம். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியைக் கரையில் தள்ளிவிட்டு ஓடக்காரன் முழுகுகிறான். மறுநாள் வெறும் ஓடம் மட்டும் கீழ்த்துறையில் ஒதுங்குகிறது. மகள் துடுப்பை எடுக்கிறாள். அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தை அக்கா வாசித்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் முழுகியதும் கொட்டகையில் எல்லா ஊசியும் நின்றன. "அவன் செத்தா இனிமே உன் அடுக்குல ஒரு சாக்கு விழாது," என்று தராசு அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "நிறுத்துக்கா, போதும்," என்றான் மச்சான். நானும் ஏதோ கத்தினேன். அக்கா எங்களை ஒருமுறை பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள். "ஏன் பறக்குறீங்க? இன்னும் இருக்குல்ல?" என்று சொல்லி, தண்ணீருக்கு மேல் ஒரு கையை வரவழைத்தாள். ஓடக்காரன் ஒரு மரக்கிளையைப் பிடித்துக் கரை ஏறினான். நாங்கள் அன்றைக்கு ஆளுக்கு மூன்று சாக்கு வைத்தோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பின்முற்றத்துக்குப் போனேன். அக்கா முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கிய சாக்கைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். இமையெல்லாம் வெள்ளை.

"மூணாம் பாகம் படிச்சேன்க்கா," என்றேன்.

தடி நின்றது. துணியை இறக்கிவிட்டு, ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். "பெஞ்சுல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிரு தம்பி. எத்தன நாளைக்கு?"

"நாலாம் பாகத்துலேந்து எல்லாம் நீ சொன்னதா?"

"எல்லாம் இல்ல. வீடு, வழக்கு, பாலம் எல்லாம் புஸ்தகம்தான். பொண்ணு துடுப்புப் போடுற எடத்துல எல்லாம் அப்பனை உக்கார வெச்சேன். அவ்ளோதான்."

"அப்ப பொண்ணு?"

"அவளுக்கு வேல இல்லாம போச்சு. சும்மா வீட்ல இருந்தா நீங்க கேப்பீங்கல்ல, அவ எங்கேன்னு? அதான் தையலுக்கு அனுப்பினேன்."

"அது ரொம்ப மட்டம்க்கா."

"எனக்குத் தெரியாதா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது. இதை எழுதலாமா என்று பிற்பாடு கேட்டபோது, "எளுது, ஆனா தையல் வகுப்பை விட்டுரு," என்றாள். விட மனசு வரவில்லை.

எனக்கு ஒன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. ஆறாம் பாகத்தில் ஓர் இடம் வரும். காய்ச்சல் குழந்தையோடு ஒருவன் ஓடத்தில் ஏறுவான், மருத்துவரைப் பார்க்க அக்கரை போக. கரை சேரும்போது குழந்தை இருக்காது. ஓடக்காரன் வாங்கிய கூலியில் பாதியை எடுத்து அவன் கையில் வைப்பான். 'ரெண்டு பேருக்கு வாங்கினேன். ஒருத்தரைத்தான் கரை சேத்தேன்' என்பான். அன்றைக்குப் பெஞ்சில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தொடர் நாவல்களில் நான் கேட்ட ஆயிரம் அத்தியாயத்தில் அதற்கு நிகர் கிடையாது என்று எவரிடமும் அடித்துச் சொல்லி வந்தேன்.

"அந்தப் பாதிக் கூலி?" என்றேன்.

அக்கா காலடியில் கிடந்த சணல் துண்டை எடுத்து விரலில் சுற்றினாள். "அதுவும் என்னுதுதான்."

நானும் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தேன்.

"ஒம்பதாம் பாகத்துல மாட்டிக்கிட்டேன்," என்றாள் அவளாகவே. "புஸ்தகத்துல அந்தப் பொண்ணு ரெண்டு கரைக்காரங்களையும் கூப்புட்டு நடுவுல நிக்கிறா. 'எங்கப்பன் செத்த ஆத்து மேல பாலம் கட்ட விடமாட்டேன்'ங்குறா. கதையே அங்கதான் திரும்புது. இங்க அவ அப்பன் கரையில உக்காந்து வலை பின்னிக்கிட்டிருக்கான். நான் என்ன பண்ணுவேன், சொல்லு? கொன்னா நீங்க விடமாட்டீங்க. கொல்லலேன்னா கத நகராது. புலி வாலைப் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. அதுல நீ வேற இழுக்குறான் இழுக்குறான்னு..."

"எழுதினவரைச் சொன்னேன்."

"எனக்குத்தானே தெரியும், நீ யாரைச் சொன்னேன்னு."

"அதுக்காக இந்தத் தூசியில வந்து சாவியா?"

"போனஸ்ல பிடிக்கட்டும், தம்பி. பதினோரு பாகத்துக்கு வாங்கினேன், எட்டரைதான் குடுத்தேன். மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? அந்த ஓடக்காரனைப் பேச வெச்சதே நான்தானே?"

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. கதை விஷயத்தில் யாரும் என்னை அவ்வளவு சுலபமாகத் தோற்கடிக்க முடியாது.

"ஓடக்காரன் காசைத் திருப்பினான், சரி," என்றேன். "எங்க வெச்சுத் திருப்பினான்? நடு ஆத்துலயா?"

அவள் நிமிர்ந்தாள்.

"பாதி ஆத்துல துடுப்பைப் போட்டுட்டு, 'இந்தா உன் காசு, நான் எறங்கிக்கிறேன்'னா சொன்னான்? கரை சேத்துட்டுத்தானே திருப்பினான்? நீ எங்க எல்லாரையும் நடு ஆத்துல வுட்டுட்டு வந்து தூசி தட்டிக்கிட்டிருக்க. எங்களுக்குக் காசு வேணாம். கரை வேணும்."

"முடிவு நல்லா இல்லேன்னா?"

"திட்டுவோம். அது எங்க வேல. முடிக்கிறது உன் வேல. முடிச்சுப் போடாத சாக்கு எவ்ளோ நல்லாத் தெச்சிருந்தாலும் லாரி ஏறுறதுக்குள்ள பிரிஞ்சிரும்னு நீதானே எனக்கு முதல் நாளு சொன்ன?"

அவள் துணியை மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டாள். தடியை எடுத்தாள். "போ, மேஸ்திரி வருவான்," என்றாள். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை.

நான் பெஞ்சில் எதையும் சொல்லவில்லை. "கண்ணு வலி, எழுத்து நடுங்குது," என்று படிப்பதைத் தள்ளிப் போட்டேன். "இதுக்கா மழையில நனைஞ்சு வகுப்புக்குப் போனே?" என்றான் மச்சான். சொல்லட்டும்.

அந்த நாட்களில் மிச்சப் பாகங்களை எனக்காகவே படித்து முடித்தேன். அதில் எனக்கு வந்த கருத்து இதுதான், இன்றைக்கும் மாறவில்லை. ஆசிரியர் மூன்றாம் பாகத்தில் ஓடக்காரனைக் கொன்றது அவர் எழுதியதிலேயே உயர்ந்த இடம். நாங்கள் கேட்டிருந்தால் அழுதிருப்போம், அழ வேண்டியதுதான். ஆனால் அவன் போன பள்ளத்தை அவராலும் நிரப்ப முடியவில்லை. ஐந்தாம் பாகத்தில் கப்பலிலிருந்து ஒருவன் இறங்குகிறான், பத்தில் ஒருத்திக்குப் பழசு மறந்துபோகிறது. மகள் நல்ல பெண்தான். அவள் பேச்செல்லாம் மேடைப் பேச்சு. கொன்றவருக்கும் கதை தொய்ந்தது, காப்பாற்றியவளுக்கும் தொய்ந்தது. எட்டுப் பாகத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்பார்கள். நிறுத்த விடாதது யார் என்று கேட்டால், வாடகைக்கு எடுத்துப் படிக்கிறவர்களும் ஆளுக்கு இரண்டு சாக்கு வைக்கிறவர்களும்தான். நாங்கள்தான் 'இன்னும் இன்னும்' என்றோம், நாங்கள்தான் 'இழுக்கிறான்' என்றோம்.

கணக்கு முடிக்கும் நாளில் காலையிலேயே மேஸ்திரி மேசை போட்டு, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, லாரிக்காரர்களின் கணக்கை முதலில் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை மதியத்துக்கு மேல். பதினொன்றாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோ அக்கா கொட்டகைக்குள் வந்தாள். தலை குளித்திருந்தாள், தூசி இல்லை. பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒம்பது பத்து எல்லாம் வெறும் கோர்ட்டு வழக்கு. உங்களுக்குப் புடிக்காது," என்றாள். "பாலம் தெறக்குற எடத்துக்கு வந்துர்றேன். யாருக்காவது ஆட்சேபணை?"

"வழக்குல யாரு ஜெயிச்சா?" என்றார் தராசு அண்ணன்.

"வக்கீல்."

தராசு அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "ம், படி."

நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் விரித்திருந்தது புத்தகத்தின் கடைசித் தாள். அதில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் இருந்தது. நான் சாக்கை எடுத்து ஊசி கோத்தேன்.

பாலம் திறப்பதற்கு முந்தின சாயங்காலம் ஓடக்காரன் கடைசி நடை போகிறான். ஏறியவர்களிடம் கூலி வாங்கவில்லை. இரண்டு கரைக்காரர்களும் ஒரே ஓடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து வருகிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, ஓடத்தைத் துறையில் கட்டி, அதிலேயே படுத்துக்கொள்கிறான். இத்தனை வருஷம் அந்தக் கைகள் ஆற்றை இழுத்து இழுத்து, இப்போது கம்பளியைக்கூட இழுத்துப் போர்த்த முடியவில்லை. விடிந்ததும் பாலத்தின் மேல் வாத்தியம். இரண்டு கரை ஜனமும் மேலே. டவுனிலிருந்து மகள் ஒரு பெரிய துணிமூட்டையோடு துறைக்கு இறங்கி வருகிறாள்.

அக்கா இருமினாள். மச்சான் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினான். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. மகள் தொட்டுப் பார்க்கிறாள். மேலே வாத்தியம் நிற்கவில்லை. மூட்டையைப் பிரிக்கிறாள். அப்பாவின் கை ஓய்ந்துபோகும் என்று அவளுக்கு முன்பே தெரியும். துடுப்பு இல்லாமல் ஓடம் போக வேண்டும் என்றுதான் டவுனுக்குப் போய்த் தையல் கற்றாள். ஒரு படகுக்கான பாய்மரத் துணியைச் சின்னத் துண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து, இரண்டு வருஷமாக, கிழியாத தையலாகத் தைத்திருந்தாள். அதை ஓடத்தில் ஏற்றிக் கட்டினாள். அப்பாவுக்குக் கம்பளியைச் சரியாகப் போர்த்தினாள். கயிற்றை அவிழ்த்தாள். காற்று பிடித்தது. ஓடம் பாலத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. மேலே நின்ற ஜனங்கள் யாரோ தூரதேசம் கிளம்புகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

"அவ்ளோதான்," என்றாள் அக்கா. புத்தகத்தை மூடினாள்.

ஓர் ஊசியும் நகரவில்லை. மேஸ்திரி மேசையில் காசு எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது.

"செத்துட்டானா?" என்றான் மச்சான்.

"சாகக் கூடாதுன்னு மூணாம் பாகத்துலயே சொன்னோமே," என்றார் தராசு அண்ணன்.

"அதுக்கப்புறம் எட்டுப் பாகம் இருந்தான்ல? இன்னும் எவ்ளோ காலம்தான் துடுப்புப் போடுவான் மனுசன்?" என்றாள் அக்கா.

பதில் இல்லாவிட்டால் கருத்து இல்லாமல் போய்விடுமா? ஐந்து நிமிஷத்தில் கொட்டகை பழைய கொட்டகை ஆனது. அவனை ஆற்றில் விட்டது தப்பு, கரையில் புதைத்திருக்க வேண்டும் என்றது ஒரு குரல். கையசைத்தவர்களில் ஒருவனுக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. அந்தப் பெண் இனி எங்கே போவாள், அதைச் சொல்லவில்லையே என்றான் மச்சான். "முடிவு சரியில்ல," என்று தராசு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "ஆனா முடிஞ்சிருக்கு."

எழுந்து, ஒரு சாக்குத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தூணுக்குப் போனார். ஆயிரத்தை அழித்தார். நூறை அழித்தார். நாற்பதில் கை நின்றது.

"இது இருக்கட்டும். அந்தத் தையல் வகுப்பை ரெண்டு பாகம் கேட்டோமே, அதுக்குத் தண்டம்."

அக்கா என்னைப் பார்த்தாள். தையல் வகுப்பைக் கொட்டகையிலேயே அதிகம் திட்டியவன் நான்தான், எல்லோருக்கும் தெரியும்.

"அது எப்படிண்ணே தண்டம்?" என்றேன். "அங்க தெச்ச துணியிலதானே ஓடக்காரன் போனான்? அந்த வகுப்பு இல்லேன்னா அவன் இன்னும் துறையிலதான் கெடப்பான். முடிச்சு விழுந்துருச்சுல்ல, அப்புறம் தையலுக்கு என்ன குறை?"

தராசு அண்ணன் நிறுத்துப் பார்த்தார். அவர் நிறுத்தால் நேரமாகும். பிறகு நாற்பதையும் துடைத்தார். கை அதே வேகத்தில் ஓடத்தின் மேலும் போய்விட்டது.

"ரேடியோ கணக்குல எவ்ளோ பிடிக்கணும்?" என்று மேசையிலிருந்து மேஸ்திரி கத்தினார்.

தராசு அண்ணன் ஈரத் தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. முழுசா குடுங்க."